கேட்போர் என்னும் செய்யுளுறுப்பும் முகநூற் பதிவும்

தொல்காப்பியனார் செய்யுளியலின் தொடக்கத்தில், மாத்திரை முதலாக வனப்பு எட்டும் ஈறாக, 34 உறுப்புக்களை எண்ணி வைத்தார். அவற்றுள் அசை, சீர், அடி, தொடை என்பன வகுப்பறைகளிலே விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன. பரீட்சையிலும் தவறாது கேட்கப்படுகின்றன. கூற்று என்பதை அடுத்து நிற்கும் 'கேட்போர்' என்னும் உறுப்போ பெயரளவில் நின்றுவிடுகின்றது. ஒரு பாட்டைச் சொன்னவர் யார் என்பது போலவே, அஃது யார் கேட்கச் சொல்லப்பட்டது என்பதும் பாட்டின் உறுப்பேயன்றிப் புறத்தே நிற்கும் செய்தியன்று என்பது ஆசிரியர் கொள்கை. தொகைநூல்களில் அகப்பாட்டுக்களின் கீழே இன்னார் இன்னார்க்குக் கூறியது எனத் துறைக்குறிப்பு இடப்பட்டமையும் இக்கொள்கையின் வழிப்பட்டதே.

மறக்கப்பட்ட இவ்வுறுப்பு இன்று எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் உயிர்பெற்று நிற்கின்றது. முகநூலில் ஒரு பதிவை இடுவோன், அதனைக் காணத்தக்கவர் யாவர் என்பதைத் தானே வரையறுத்துக் கொள்ளலாம். உலகத்தார் எல்லோரும் காணலாம். நண்பர் மட்டும் காணலாம். நண்பருள் சிலரை நீக்கி ஏனையோர் காணலாம். பெயர் குறித்த சிலரே காணலாம். எழுதியவன் மட்டுமே காணவும் செய்யலாம். 2014 மே மாதம் வரை, புதிதாகச் சேர்ந்த வளர்ந்தோரின் முதற்பதிவு, அவர் வேறு கூறாவிடின், எல்லோருக்கும் உரியதாகவே வெளிவந்தது. அதன்பின்னரே 'நண்பர்' என்பது இயல்பான வரம்பாயிற்று. அதற்கு முன் பலர் தம் வீட்டுப் பேச்சைச் சந்தையிலே பேசியவராயினர். அதனை அறியாதாரும் பலர்.

கூற்றுக்கு உரியோரை வகுத்த தொல்காப்பியனார் கேட்டற்கு உரியோரையும் வகுத்தார். பார்ப்பாரும் அறிவரும் கூறுவனவற்றை எவரும் கேட்கலாம். ஊரார், அயலார், தந்தை, தமையன் முதலாயினோர் நேரே பேசுவதில்லை. அவர் பேச்சுப் பிறர் வாயிலாகவே பாட்டினுள் வரும். மறுமொழி தரமாட்டாத கடலையும் மரத்தையும் பறவையையும் தன் நெஞ்சையும் விளித்துப் பேசுதற்கும் அவர் இடமளித்தார். எழுதியவன் மட்டுமே காணும் பதிவை நெஞ்சொடு கிளத்தலின் மறுபிறப்பு எனலாம். ஒப்புமையை இதற்கு மேலும் நீட்டுதல் வேண்டா. உலகத்தார்க்கும் நெஞ்சுக்கும் இடையே கிடக்கும் 'நண்பர்' என்னும் வகுப்பிலேதான் இடர் முழுவதும் உள்ளது.

அகமரபில் தோழி வேறு, செவிலி வேறு, நற்றாய் வேறு, ஊர் வேறு. களவைத் தோழி அறிவாள். அவள் அறத்தொடு நிற்கும் காலம் வரும்வரை செவிலி அறியாள். செவிலி வாயிலாகவே நற்றாய் அறிவாள். ஒரே செய்தி படிப்படியாக, ஒவ்வொருவருக்கும் ஏற்ற சொல்லிலே செல்லும். முகநூலின் நண்பர் பட்டியலிலோ இப்படிகள் இல்லை. புதுக்குடியிருப்பிலிருந்து எழுதும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். உடன் படித்தோர், கற்பித்த ஆசிரியர், ரொறன்ரோவிலுள்ள சித்தப்பா, பாரிஸிலுள்ள மச்சான், வவுனியாவில் வேலை தரும் முதலாளி, புனைபெயரில் வந்து சேர்ந்த யாரென்றறியாத இருவர் மூவர் ஆகிய அனைவரும் அங்கே 'நண்பர்' என்னும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றனர். தோழியும் ஊரும் ஒருங்கே அமர்ந்து கேட்கும் இவ்வவைக்கு இலக்கணம் வகுத்தார் எவருமிலர். பட்டியலைப் பிரித்து வகைப்படுத்தும் வசதி உண்டென்பது மெய். ஆயின் எண்ணூறு பெயரை இருந்து பிரிப்பார் யார்?

வன்னி நிலத்திலே இவ்விடர் வெறும் நாணத்தின்பாற் பட்டதன்று. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரில் உறவினரை இழந்தோர் இங்கு மிகப் பலர். நவம்பர் 27ஆம் நாளை அண்டி, இறந்துபோன தமையனின் படத்தை இடுவதா விடுவதா, இடின் யார் காண இடுவது என்பது பல வீடுகளில் உண்மையான கேள்வியாகும். 2020 நவம்பரில் மட்டக்களப்பில் ஊடகவியலாளர் முருகுப்பிள்ளை கோகுலதாசன், முகநூலில் இட்ட பதிவுகளின் பேரில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டார். அச்செய்தி வன்னியிலும் வாசிக்கப்பட்டது. அழுகைக்கும் கேட்போரைத் தெரிந்தெடுக்க வேண்டிய நிலையில் எழுதுவோர் கைக்கொண்ட வழி யாதெனின், பெயரும் முகமும் இன்றி ஒரு விளக்கை மட்டும், அல்லது ஒரு கார்த்திகைப் பூவை மட்டும் இடுதலாம்.

இவ்வழி அகமரபுக்கு மிக அணித்தானது. அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியர்க்கு இயற்பெயர் சுட்டுதல் இல்லை. பெயர் இன்மையால் அப்பாட்டு எவர்க்கும் உரியதாகின்றது. உற்றார் மட்டுமே அதனுள் தம்மவரைக் காண்பர். இவ்விதி எத்துணை நுண்மையாகக் கொள்ளப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. நக்கீரர் பாடிய அப்பாட்டில் மன்னன் பெயர் யாண்டும் இல்லை. எனினும் வேலில் வேம்பு கட்டப்பட்டிருந்த செய்தி பாண்டியனை அடையாளங் காட்டிவிட்டதாகக் கொண்டு, நச்சினார்க்கினியர் அதனைப் புறம் என்றார். அம்முடிபை மறுப்பாரும் உளர். ஆயினும் ஓர் இலை ஒரு பாட்டின் திணையையே மாற்றவல்லது என்று கண்ட அவ்வுரையாசிரியரின் கூர்மை வியக்கத்தக்கது. விளக்கின் படத்திலே பின்புறம் தெரியும் ஒரு பெயர்ப்பலகை, ஒரு பாடசாலைச் சின்னம், ஒரு படலை ஆகியன அவ்வேம்பின் வேலையைச் செய்துவிடும்.

இனி, சிறைப்புறம் என்பதொன்று உண்டு. தோழி தலைவியை நோக்கிப் பேசுவாள். வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கும் தலைவன் கேட்க வேண்டும் என்பதே அவள் கருத்து. கேட்போர் ஒருவர், குறிக்கப்பட்டோர் வேறொருவர். 'நண்பர்க்கு மட்டும்' என்று இட்டு, அந்நண்பருள் ஒருவர் குறித்த ஆளிடம் போய்ச் சொல்லுவார் என எதிர்பார்த்து எழுதும் இக்காலத்தார் இவ்வுத்தியை அறிந்தோ அறியாமலோ கையாளுகின்றனர். வேறுபாடு ஒன்றுண்டு. தோழிக்கு வேலிப்புறத்து நிற்பவன் யாரெனத் தெரியும். முகநூலின் வேலிக்கு அப்பால் நிற்பாரை எழுதுவோன் அறியான். அவ்வேலியும் உறுதியானதன்று. 2018 மே மாதத்தில் சில நாட்கள், மென்பொருட் பிழையொன்றினால், ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பயனர்க்குப் பதிவின் வரம்பு தானாகவே 'எல்லோரும்' என மாறியிருந்தது. பிழையே நேராவிடினும், திரையைப் படம்பிடித்து அனுப்பும் ஒரு நண்பர் போதும்.

ஆதலின் வரம்பிடுங் கருவியை நம்புவதினும், செய்யுளியல் கூறும் 'முன்னம்' என்னும் உறுப்பை நம்புதல் மேல் என்று ஒருவர் வாதிக்கலாம். இன்ன இடத்தில், இன்னார் இன்னார்க்குச் சொல்லியது என்பது பாட்டின் சொற்களாலேயே விளங்க நிற்றல் முன்னம் எனப்படும். வெட்டி எடுத்து எங்கே கொண்டு போனாலும், யாருக்குச் சொல்லப்பட்டதென்பதைத் தானே காட்டும் பதிவு எளிதில் திரிபடையாது. இவ்வாதம் பெரும்பாலும் ஏற்கத்தக்கதே, முற்றும் ஏற்கத்தக்கதன்று. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019இல் முகநூலில் வெளியிட்ட சிறுகதைக்காகச் சிறைப்பட்டார். 2021இலேயே வழக்கிலிருந்து விடுபட்டார். வன்னித் தேர்தல் மாவட்டத்துள் அடங்கும் மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்னும் தம் தமிழ்க் கவிதை நூலின் பேரில் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசெம்பரில் பிணையிலும் 2023 டிசெம்பரில் குற்றமற்றவராகவும் வெளிவந்தார். முன்னம் பாட்டினுள் இருந்தாலும், அதனைப் படித்தறியும் கேட்போன் வேண்டும். மொழி அறியாதானும், குற்றம் தேடியே படிப்பவனும் செய்யுளியலில் எண்ணப்படாத கேட்போர்.

புறத்திணையின் இயல்பு இதற்கு மாறு. ஆங்குப் பெயர் சொல்லப்படும். கையறுநிலை இறந்தவனைப் பெயர்கூறியே அழும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலிலும் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டம் தொடங்கினர். அங்கே பெயரும் முகமும் ஊரார், வழிப்போக்கர், காவற்றுறையினர் என்னும் வேறுபாடின்றி யாவரும் காண வைக்கப்பட்டன. காணாமற் போனவனைத் தேடுவோர்க்குக் கேட்போரைக் குறைத்தல் ஆகாது. கண்டவர் ஒருவர் எங்கோ இருத்தல் கூடும். ஒரே வீட்டில், ஒரு மகனின் படத்தைத் தெருவோரத்தில் ஏந்தி நிற்கும் தாய், இறந்துபட்ட மற்றை மகனின் படத்தை எவரும் காணாதவாறு கைப்பேசியில் வைத்திருத்தலும் உண்டு. அகமும் புறமும் அவ்வீட்டில் நூலாற் பிரிக்கப்பட்டன அல்ல.