காற்றில் மிக்சிங்: கையை எடுக்கும்போதுதான் சிக்கல்

ஒலியைக் கையால் பிடித்து நம்மைச் சுற்றி நகர்த்தலாம் என்று காட்டும் டெமோ வீடியோக்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. கையசைவைப் படிக்கும் ஒரு சின்ன சென்சாரை மேசையில் வைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் அப்படியே மிக்சிங் செய்து பார்த்தேன்.

முதல் நாள் நல்ல விளையாட்டு. விரல்களைக் குவித்தால் தம்பூரா கைக்குள் வந்துவிடும். கையைத் தூக்கினால் அதுவும் மேலே போகும். இரண்டாம் நாள்தான் புரிந்தது: பிடிப்பது சுலபம், விடுவதுதான் கஷ்டம். விரல்களைப் பிரிக்கிற அந்த நொடியில் கை லேசாக அசையும், ஒலியும் கூடவே நகர்ந்துவிடும். ஃபேடரை விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். காற்றில் அந்தப் பிடிமானம் கிடையாது. பத்து நிமிஷத்தில் தோள்வலி வேறு!

இன்னொரு பொருத்தமின்மையும் உண்டு. நேர் எதிரே வரும் ஒலி ஒன்றிரண்டு டிகிரி விலகினாலே காது கண்டுபிடித்துவிடும். பக்கவாட்டில் அந்தத் துல்லியம் குறையும், உயரத்தில் இன்னும் மோசம். கையோ எல்லாத் திசையிலும் நுணுக்கமாகப் போகும். நான் கஷ்டப்பட்டுச் சரிசெய்த உயரத்தில் பாதி என் காதுக்கே தெரியவில்லை.

இந்த யோசனை புதிதும் அல்ல. 1951-லேயே பாரிஸில் பியர் ஷேஃபருக்காக ழாக் பூலான் இப்படி ஒரு கருவி செய்தார். நான்கு பெரிய கம்பிச்சுருள் வளையங்களுக்கு நடுவே ஒருவர் நின்று, கையில் ஒரு சின்னச் சுருளை அசைப்பார். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று என்று இருந்த ஸ்பீக்கர்களுக்கு இடையே ஒலி பயணிக்கும். 1967-ல் பிங்க் ஃபிளாய்ட் லண்டன் குயீன் எலிசபெத் ஹாலில் ஒலியைச் சுழற்றியபோது கையில் இருந்தது ஜாய்ஸ்டிக். இரண்டுமே மேடைக்கானவை என்பதைக் கவனியுங்கள். அங்கே ஒலி ஓடிக்கொண்டே இருந்தால் போதும். மிக்சிங்கில் பெரும்பாலும் அது ஓரிடத்தில் நிற்க வேண்டும்.

அதற்காகச் சென்சாரைத் தூக்கிப்போடவில்லை. ஒரு பறவைக் குரல் இடமிருந்து வலம் கடக்க வேண்டுமென்றால் கையால் ஒரே வீச்சில் பதிவு செய்கிறேன். மவுஸால் வரைந்த கோட்டில் வராத தயக்கமும் வேகமும் அதில் இருக்கின்றன. தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் பிறகு மவுஸால் திருத்துகிறேன். அசைவுக்குக் கை, இடத்துக்கு மவுஸ்.

அடுத்த முறை இப்படி ஒரு டெமோ பார்த்தால் ஒன்றை மட்டும் தேடுங்கள்: ஒலியை ஓரிடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுக்கும் காட்சி அதில் இருக்கிறதா?