கண்ணும் கருவியும்

2024ஆம் ஆண்டு மே 10, 11 ஆகிய நாள்களில், லடாக்கின் ஹன்லே வானாய்வகக் கருவிகள் துருவ ஒளியைப் படம்பிடித்தன. செவ்வொளி பரந்த அப்படங்கள் அழகியவை, ஐயமில்லை. ஆயின், அவை உண்மையா என்பதே திறனாய்வாளன் எழுப்ப வேண்டிய வினா.

வானில் 200 கிலோமீட்டருக்கும் மேலே உயிர்வளி அணுக்கள் உமிழும் நிறம் அது. மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தை நன்கு அறிவதில்லை. படக்கருவியோ பல நொடிகள் இமையாதிருந்து ஒளியைச் சேர்க்கிறது. அது பொய் கூறவில்லை, பொறுமையுடன் காண்கிறது. எனினும், அளவுக்கு மிஞ்சித் திறந்திருப்பின் கதிர்களின் அசைவு கலங்கி வெறும் படலமாகிவிடும். எழுத்தில் மிகைச்சொல்லும் அத்தகையதே.

நிலநடுக்கோட்டை அடுத்துள்ள நெகிரி செம்பிலானில் நாம் துருவ ஒளியை எதிர்பார்ப்பதற்கில்லை. காணாத பனிவானைப் பாடுவது குற்றமன்று. ஆனால், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்குடன் நிரையில் இறங்கிய பால்மரத் தொழிலாளர் கண்ட வானம் நம் ஏடுகளில் எத்துணைப் பதிவாகியுள்ளது? இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அவ்வானத்தை அறிந்தோர் முதுமையுற்றனர். அவர்தம் நினைவும் மங்கிய ஒளியே.

ஆதலின், தமிழாசிரியர்கள் மாணாக்கர்க்கு ஒரு பணியிடலாம்: பாட்டியிடம் அமர்ந்து, அவர் கண்ட விடிவெள்ளியைக் கேட்டு எழுதுக. அடைமொழி வேண்டா, பொறுமையே போதும். கேட்கத் தாமதித்தால், எக்கருவியாலும் அவ்வொளியை மீட்டல் இயலாது.