சின்னப் பழுதுதானே, ஓட்டு

போன மாசம் ஒரு ராத்திரி பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டை பக்கம் டீ குடிக்க நிறுத்தினேன். பக்கத்து பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணே, பின்னாடி வலது பக்க லைட் எரியல. ரிவர்ஸ் எடுக்கிறப்ப இடிச்சதுல கீழ இருக்கிற கம்பியும் வளைஞ்சிருக்கு." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்ததும் அவரே சொன்னார்: "சின்னப் பழுதுதானே, ஓசூர்ல இறக்கிட்டு வந்து பாத்துக்கலாம்ங்கறாரு தம்பி."

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், முழுக்க ராத்திரி ஓட்டம்.

அன்றிலிருந்து "சின்னப் பழுது" என்கிற வார்த்தை மண்டையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றிப் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 190-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சாலையில் போகிறவர்களுக்கு ஆபத்தை உண்டாக்கும் பழுதோடு ஒரு வண்டியை ஓட்டுவது குற்றம். அந்தப் பழுது தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஓட்டினவரோடு ஓட்டச் சொன்னவரும், ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளிதான். வாசிக்க நல்ல சட்டமாகத்தான் இருக்கிறது. அந்த டீக்கடை போன் பேச்சில் இரண்டு பக்கமும் இந்த ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது.

ஆனால் நடப்பில்? ரோட்டில் நிற்கிறவர் டிரைவர் மட்டும்தான். 'ஓட்டு' என்று சொன்னவர் எங்கேயோ வீட்டில் இருக்கிறார். அவர் சொன்னதற்கு எழுத்தில் ஒரு சாட்சியும் கிடையாது. மறுநாள் ஏதாவது நடந்தால் "எனக்குத் தெரியாதே, அவன் சொல்லவே இல்லையே" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.

அபராதத்தைப் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, 190-ன் கீழ் பழுதான வண்டியை ஓட்டினால் 1,500 ரூபாய் வரைக்கும். அந்தப் பழுதால் விபத்து நடந்து அடிபட்டால் மூன்று மாதச் சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். அதே திருத்தத்தில் அதிக லோடு ஏற்றினால் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஓவர்லோடுக்கு இவ்வளவு போட்டது தப்பில்லை. ஆனால் பிரேக் சரியில்லை என்று தெரிந்தே வண்டியை அனுப்புகிறவருக்கு 1,500 என்றால், அது தண்டனை இல்லை, டிரிப் செலவில் சேர்ந்துவிடும் ஒரு தொகை.

எஃப்.சி. இருக்கிறதே என்று கேட்பீர்கள். எட்டு வருஷத்துக்கு உட்பட்ட லாரி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதைத் தாண்டியது வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்ட வேண்டும். நம் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளரை 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே மக்கள் சொல்கிறார்கள். பெயரிலேயே பிரேக் இருக்கிறது. ஆனால் அவர் பார்ப்பது ஒரு நாள். மீதி 364 நாளும் பிரேக் இன்ஸ்பெக்டர் டிரைவர்தான். அதிகாரம் மட்டும் கிடையாது.

சரி, எது சின்னது? கதவில் சொட்டை, பெயின்ட் உரிந்தது, கேபினுக்குள் எரியாத பல்பு, இதெல்லாம் நிஜமாகவே சின்னது. டிரிப் முடித்துவிட்டுப் பார்க்கலாம். சிக்கல் நடுவில் இருப்பவைகளில்தான்.

பின்விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் அது அழகுப் பிரச்சினை. ராத்திரி மதுரவாயல் – புழல் பைபாஸில் ஓரமாக நிற்கும் லாரிக்கு அது உயிர்ப் பிரச்சினை. வலது பக்க லைட் எரியாத லாரி பின்னால் வருகிறவனுக்கு ஒரு லைட்டோடு போகும் பைக் மாதிரி தெரியும். ஒதுங்கிப் போகலாம் என்று வலது பக்கம் ஒடித்தால் அங்கே லாரியின் மீதி உடம்பு இருக்கும்.

அந்த வளைந்த கம்பி இன்னும் மோசம். லாரிக்குப் பின்னால் தாழ்வாகக் குறுக்கே இருக்கும் அந்தத் தடுப்பு, பின்னால் மோதும் கார் உள்ளே புகாமல் இருப்பதற்காக வைத்தது. லாரியின் தளம் காரின் பானட்டுக்கு மேலே, கண்ணாடி உயரத்தில் இருக்கிறது. தடுப்பு இருந்தால் காரின் முன்பாகம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் பானட் அடியில் நுழைந்துவிடும், தளம் நேராக உள்ளே இருப்பவர்களின் தலைக்கு வரும். அந்தக் கம்பி வளைந்தால் லாரிக்கு ஒன்றும் ஆகாது, ஓட்டமும் மாறாது. அதனால்தான் அது 'சின்னது'. யாருக்குச் சின்னது என்பதுதான் கேள்வி.

ஏர் லீக் இன்னொரு வகை. லேசான லீக் ஹைவேயில் தெரியவே தெரியாது, கம்ப்ரசர் ஈடுகட்டிவிடும். சி.டி.எச். ரோட்டில் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் பத்து அடிக்கு ஒரு பிரேக் மிதிக்கும்போதுதான் மீட்டர் முள் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போனால் பஸ்ஸர் கத்தும். இன்னும் குறைந்தால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நட்டநடு ரோட்டில் நின்றுவிடும். ஆக ஒரே பழுது, இடத்தையும் நேரத்தையும் பொறுத்துச் சின்னதாகவும் பெரியதாகவும் இருக்கிறது. இதைப் போனில் உட்கார்ந்துகொண்டு முடிவு பண்ண முடியாது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ஓனர் என்றால் உடனே சினிமா வில்லனை நினைக்கக் கூடாது. ஒன்றோ இரண்டோ வண்டி வைத்துக்கொண்டு மாதாமாதம் ட்யூ கட்டுகிறவர்கள் நிறையப் பேர். வண்டி ஒரு நாள் நின்றால் அவர் வீட்டிலும் அடி விழும். டிரைவருக்கும் டிரிப் கணக்கில்தான் படி. நிறுத்தினால் நஷ்டம் அவருக்கும்தான். இன்னொன்று, நிறுத்துவது எப்போதும் பாதுகாப்பும் இல்லை. லைட் இல்லாத லாரியை பைபாஸ் ஓரத்தில் நிறுத்துவதைவிட, மெதுவாக அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் கொண்டுபோவது நல்லது. அதனால் "பழுது என்றால் அங்கேயே நில்" என்பதும் முட்டாள்தனம்தான். நான் கேட்பது வேறு: எங்கே நிறுத்துவது என்பதை யார் தீர்மானிப்பது?

அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2009 ஜனவரி, இல்லினாய்ஸ். உறைய வைக்கும் குளிரில் ஒரு டிரெய்லரின் பிரேக் இறுகிவிட்டது. கேபின் ஹீட்டரும் வேலை செய்யவில்லை. ரிப்பேர் ஆள் வரும்வரை அங்கேயே இரு, இல்லாவிட்டால் டிரெய்லரை இழுத்துக்கொண்டே போ என்றது டிரான்ஸாம் டிரக்கிங் நிறுவனம். மணிக்கணக்கில் காத்திருந்து உடம்பு மரத்துப்போன டிரைவர், டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு முன்வண்டியோடு கிளம்பிப் போனார். வேலை போனது. பாதுகாப்பில்லாத வண்டியை 'ஓட்ட மறுக்கும்' தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. இவர் மறுக்கவில்லையே, ஓட்டிக்கொண்டுதானே போனார் என்று வாதம் வந்தது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் டிரைவர் பக்கம் நின்றது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய அந்த ஒருவர் நீல் கோர்சச், அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் போனார்.

அந்த நாட்டைப் புகழ இதைச் சொல்லவில்லை. அங்கேயும் அந்த மனுஷன் ஏழு வருஷம் அலைந்தார். ஆனால் சண்டை போட அவருக்கு ஒரு சட்ட வாக்கியம் இருந்தது. இன்னொன்றும் உண்டு: எந்தப் பழுது இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும் என்று வட அமெரிக்கா முழுக்கப் பொதுவான ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். உதாரணமாக, பிரேக்குகளில் 20 சதவீதம் கெட்டிருந்தால் வண்டி நகரக் கூடாது. 'சின்னது' என்பது அங்கே ஒருவருடைய அபிப்பிராயம் இல்லை.

நம்மிடம்? 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது. இரண்டு லாரி ஓனரிடம் ஓட்டுகிறவர் அந்த வாசலிலேயே நின்றுவிட்டார். இப்போது அதை விழுங்கிக்கொண்டு வந்திருக்கும் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, உயிராபத்து என்று பட்டால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்கிறது. தெரிவிக்கலாம், சரி. தெரிவித்த பிறகும் 'ஓட்டு' என்றால்?

பாடியில் 1960-களின் தொடக்கத்திலேயே வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா எல்லாம் வந்துவிட்டன. சக்கரமும் ஸ்டார்ட்டரும் பிரேக்கும் செய்கிற ஊர் இது. இந்த வட்டாரத்தில் எந்த ஒழுங்கான தொழிற்சாலையிலும் மெஷின் பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். ஆபத்து என்றால் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட அதைத் தட்டலாம். அங்கே செய்த சரக்கை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டும் லாரியில் அந்தப் பட்டன் இல்லை.

அதைக் கேட்டிலேயே வைக்கலாம் என்று தோன்றுகிறது. லோடு ஏற்றும் கம்பெனி கேட்டில் பில் பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், டிரைவர் ஷூ போட்டிருக்கிறாரா என்றுகூடப் பார்க்கிறார்கள். லைட், டயர், பின் தடுப்பு, ஏர் மீட்டர் ஆகிய நான்கையும் பார்த்து ஒரு சீட்டில் எழுத ஐந்து நிமிடம் போதும். சரியில்லை என்றால் கேட்டே அனுப்பாது, டிரைவர் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம். செலவு யார் தலையில் என்பதை ஓனரும் கம்பெனியும் பேசிக்கொள்ளட்டும். இப்போது அந்தப் பேரம் முழுக்க டிரைவர் முதுகில் நடக்கிறது.

அந்த அண்ணன் ஓசூர் போய்ச் சேர்ந்திருப்பார். பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். 'சின்னப் பழுது' என்ற வார்த்தை இத்தனை நாள் உயிரோடு இருப்பதும் அதனால்தான்.