முற்றத்துக்கு ஷீட் போட்டாச்சு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் அத்தை வீட்டு முற்றத்தை மூடிவிட்டார்கள். போன வருஷம் சித்திரையில் போனபோது பார்த்தேன். மேலே பச்சை நிறத்தில் ஃபைபர் ஷீட். கீழே, மழைத் தண்ணீர் வடிந்துபோகக் கருங்கல் பாவிய பள்ளத்தை மேடாக்கி டைல்ஸ். டைல்ஸ் மேல் சோபா, சோபாவுக்கு எதிரே டி.வி. பச்சை வெளிச்சத்தில் எல்லோரும் கொஞ்சம் மீன் தொட்டிக்குள் இருப்பதுபோல் தெரிந்தார்கள்.

"ஒரு ரூம் கிடைச்சுது பார்" என்றான் அத்தை மகன். "கொசு இல்லை, குரங்கு இல்லை, சாரல் இல்லை. அம்மா போன ஐப்பசியில வழுக்கி விழுந்தாங்க, தெரியுமில்ல?"

தெரியும். எதுவும் பொய்யான காரணம் இல்லை. எண்பது வயது அத்தைக்கு ஈரக் கருங்கல் ஆகாது. ஆனால் அத்தை மூலையில் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"ஃபேன் ஓடுதே அத்தை?"

"ஓடுது. அனலாத்தான் வீசுது. மழை பெய்ஞ்சா டப்டப்னு தகரத்துல அடிக்கிறாப்ல சத்தம், ஆனா ஒரு சொட்டு கண்ணுல காட்டாது. இதுக்கு எதுக்குடா மழை?"

அந்த ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு சார்லஸ் கொரியா ஞாபகம் வந்தார். சென்னை கிரீம்ஸ் ரோட்டில் எம்.ஆர்.எஃப். தலைமை அலுவலகத்தைத் தினம் கடந்துபோகிறவர்களில் எத்தனை பேருக்கு அது அவர் கட்டியது என்று தெரியுமோ! நம் ஊரில் சினிமாவில் லைட்பாய் பெயர்கூடத் திரையில் வரும். கட்டடத்தில் திறந்துவைத்த அமைச்சர் பெயர் மட்டும்தான் கல்லில் இருக்கும்.

கொரியா 1930-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மிச்சிகனிலும் எம்.ஐ.டி.யிலும் படித்துவிட்டுத் திரும்பி, 1958-இல் பம்பாயில் தொழில் தொடங்கினார். 2015-இல் காலமானார். இடைப்பட்ட ஏறக்குறைய அறுபது வருஷத்தில் அவர் கட்டியவற்றில் வீடு, மியூசியம், அலுவலகம், அடுக்குமாடி என்று எல்லாம் உண்டு. திரும்பத் திரும்பப் பார்த்தால் அடியில் ஒரே பிடிவாதம்தான் தெரியும்: கட்டடத்தில் ஓர் இடத்தையாவது கூரை போடாமல் விட்டுவிட வேண்டும். நம்மைப் போன்ற வெயில் தேசத்தில் காலையும் மாலையும் இரவும் உட்கார மிகச் சுகமான இடம் கூரையில்லாத இடம்தான், குளிர் தேசத்துக்காரனைப் பார்த்து நாம் ஏன் பெட்டிக்குள் அடைந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கேள்வி.

கேட்க எளிமையான கேள்வி. நம் தாத்தாக்கள் யாரும் அதைக் கேள்வியாகக்கூட நினைத்ததில்லை. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. ராத்திரி குளிர்ந்த காற்று கனமாகி முற்றத்துக்குள் இறங்கும். பகலில் வீட்டுச் சூடு அதே வழியாக மேலே ஏறிப் போய்விடும். கரண்ட் பில் கிடையாது.

கொரியா இதை முதலில் பெரிதாகச் செய்து காட்டியது அகமதாபாத்தில், சபர்மதி ஆசிரமத்தில். 1963-இல் திறந்த காந்தி சங்கிரகாலயம். ஓட்டுக் கூரை போட்ட சின்னச் சின்னச் சதுரங்கள். சிலவற்றுக்குச் சுவர் உண்டு, சிலவற்றுக்கு இல்லை, நடுவே ஒரு நீர்த்தொட்டி. ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது, திருப்பி வைக்கிற மரப்பலகைகள்தான். தேசப்பிதாவுக்கு மியூசியம் என்றால் கோபுரமும் குவிமாடமும் எழுப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் ஒரு கிராமத்து வீட்டு அளவைத் தாண்டவில்லை. உள்ளே கடிதங்களைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் மரம் தெரிகிறது.

எண்பதுகளில் பெங்களூர் கோரமங்களாவில் தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டில் நேராகவே முற்றம் வைத்தார். பழைய தமிழ்நாட்டு வீடுகளையும் கோவா வீடுகளையும் மனதில் வைத்துத்தான் அதை அமைத்தார். தெருவிலிருந்து நேரே உள்ளே நுழைய முடியாது. கொஞ்சம் திரும்பி, கொஞ்சம் நடந்து, முற்றத்தைச் சுற்றித்தான் வீடு விரிகிறது. மற்ற அறைகளைவிட நடுவில் இருக்கும் அந்த வெற்றிடம்தான் முக்கியம்.

கலைக்கான கட்டடங்கள் என்று வரும்போதுதான் எனக்கு அவரோடு கொஞ்சம் சண்டை உண்டு. இரண்டைச் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். போபாலில் பாரத் பவன், ஜெய்ப்பூரில் ஜவஹர் கலா கேந்திரா.

பாரத் பவனை 1982 பிப்ரவரியில் இந்திரா காந்தி திறந்துவைத்தார். நான் ஆட்டோவில் போய் இறங்கியபோது டிரைவர் தப்பான இடத்தில் விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். கட்டடத்தையே காணோம்! பெரிய ஏரியைப் பார்த்தபடி ஒரு சரிவு, அதில் இறங்குகிற படிகள், அங்கங்கே புல்தரை. படியில் இறங்க இறங்கத்தான் முற்றம் ஒன்று வருகிறது, அதைச் சுற்றி அறைகள், அப்புறம் இன்னொரு முற்றம். குன்றின் சரிவிலேயே கட்டடத்தைப் புதைத்துவிட்டு, அதன் மொட்டை மாடியைத் தோட்டமாக நம்மிடம் கொடுத்துவிட்டார். அதற்குள் ஒரு நாடக அரங்கம், கவிதைக்கென்று நூலகம், ஓவியர் ஜே.சுவாமிநாதன் பொறுப்பேற்று நடத்திய ரூபங்கர் கலைக்கூடம். பழங்குடி ஓவியர்களையும் நகரத்து நவீன ஓவியர்களையும் ஒரே கூரையின் கீழ் சமமாக வைத்த இடம் அது. ஜன்கர் சிங் ஷ்யாம் என்ற கோண்டு இளைஞர் அங்கிருந்துதான் உலகத்துக்குத் தெரிய வந்தார்.

நான் போனது மதியம். சொல்லப்போனால் கல் முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. போபால் வெயிலில் கொரியா தத்துவமெல்லாம் செருப்புக்குக் கீழே உருகியது. காலண்டரி ஒன்றில் ஒதுங்கினேன். ஐந்தரைக்கு வெளியே வந்தால் அதே இடமா இது? படிகளில் காலேஜ் பிள்ளைகள், ஒரு பாட்டி, வேர்க்கடலை கொறிக்கிற குடும்பம், ஏரியிலிருந்து காற்று. அவர்களில் பாதிப் பேர் ஓவியம் பார்க்க வந்தவர்கள் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சும்மா உட்கார வந்தவர்கள். போகிற போக்கில் ஓவியத்தையும் பார்ப்பார்கள், அவ்வளவுதான். கலைக்கூடத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன?

ஜெய்ப்பூர் வேறு கதை. 1727-இல் சவாய் ஜெய்சிங் அந்த நகரத்தை ஒன்பது சதுரங்களாகத் திட்டமிட்டபோது ஒரு மூலையில் குன்று குறுக்கிட்டது. ஒரு சதுரத்தைத் தூக்கி வேறு பக்கம் சேர்த்தார்கள். 1986-இல் கலா கேந்திராவை வரையத் தொடங்கிய கொரியா அதையே கட்டடத்துக்கு எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய நூறடிக்கு நூறடியாக ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு கிரகத்துக்கு. ஒன்றை மட்டும் சற்றுத் திருப்பி வைத்து, அந்த இடைவெளியை வாசலாக்கினார். நூலகம் குருவுக்கு, நாடக அரங்கம் சுக்கிரனுக்கு. நடுச் சதுரம் சூரியனுக்கு. அதில் எதையும் கட்டாமல் படிகள் மட்டும் இறங்க, வெறும் வானம்.

படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான். நேரில் போனபோது இருபத்தாறு அடி உயரச் செங்கல் நிறச் சுவர்களுக்கு நடுவே சந்திரனுக்கும் சனிக்கும் வித்தியாசம் தெரியாமல் சுற்றினேன். கிரகச் சின்னத்தைச் சுவரில் பதித்திருக்கிறார்கள், பார்த்தேன். ஆனால் ஒன்பது சதுரம் என்பதும், ஒன்று திரும்பியிருக்கிறது என்பதும் வரைபடத்தைப் பார்ப்பவனுக்கும் மேலே பறக்கிற புறாவுக்கும்தான் தெரியும். நடந்து போகிறவனுக்குச் சுவர்தான். வெளியே தெருவில் போகிறவனுக்கு அதுவும் கோட்டைச் சுவர். பாரத் பவனுக்கு நோட்ஸ் வேண்டாம், கால் தானாக இறங்குகிறது. கலா கேந்திராவை யாராவது விளக்கினால்தான் ரசிக்க முடிகிறது. அந்த நடுமுற்றத்தின் படியில் அந்திவேளை நாடகம் பார்த்த நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "அங்க உட்கார்ந்து பாரும் ஓய், அப்புறம் பேசும்" என்பார். நான் உட்கார்ந்தபோது நாடகம் இல்லை. ஒரு காவலாளியும் நானும் சூரியனும்தான் இருந்தோம். என் தீர்ப்பில் அந்தக் குறை இருக்கலாம்.

பம்பாயில் 1983-இல் முடிந்த காஞ்சன்ஜங்கா அடுக்குமாடியையும் சொல்ல வேண்டும். 28 மாடி, 32 வீடு. மூலைகளை வெட்டி, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு தோட்ட வராந்தாவை நுழைத்திருக்கிறார். வானத்திலேயே முற்றம். அழகு. பணக்காரர்களுக்கு எதைக் கட்டிக்கொடுத்தாலும் ஓரளவு அழகாகவே வரும் என்பதால் அதை இத்துடன் விடுகிறேன்.

பணமில்லாதவர்களுக்குக் கட்டியதுதான் பரீட்சை. நவி மும்பையில் பேலாப்பூர். 1983 முதல் 1986 வரை கட்டியது. ஏறக்குறைய 550 குடும்பங்கள். ஆளுக்கு 45 முதல் 75 சதுர மீட்டர் மனை. நம் கணக்கில் கால் கிரவுண்டுக்குக் குறைவில் தொடங்கி மூன்றில் ஒரு கிரவுண்டு வரை. இந்தத் துண்டு நிலத்திலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு திறந்த இடம் வைத்தார். ஏழு வீடுகள் சேர்ந்து எட்டு மீட்டர் சதுரத்தில் ஒரு பொது முற்றம். அப்படி மூன்று கூட்டம் சேர்ந்தால் பன்னிரண்டு மீட்டரில் இன்னொன்று. பக்கத்து வீட்டோடு சுவர் சேராது. பையனுக்குக் கல்யாணம் ஆனால் ஓர் அறை எடுக்கலாம், பணம் வந்தால் மாடி போடலாம். யாரிடமும் கேட்க வேண்டாம்.

யாரும் கேட்கவில்லைதான்! போய்ப் பார்த்தால் கொரியாவின் ஓட்டு வீடுகளைத் தேட வேண்டியிருக்கிறது. பல வீடுகளை இடித்துவிட்டு, மனை முழுக்க கான்கிரீட்டில் இரண்டு மூன்று மாடி எழுப்பி, பால்கனிக்கு எவர்சில்வர் கைப்பிடி போட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் இருந்த வானமெல்லாம் அறைகளாகிவிட்டது. கட்டடக் கலை மாணவர்கள் படமெடுக்க வந்து முகம் வாடிப் போகிறார்கள்.

நான் வாடவில்லை. ஏனென்றால் வீடுகளுக்கு நடுவே இருந்த பொது முற்றங்கள் அப்படியே இருக்கின்றன. சைக்கிள், துளசி மாடம், வடாம் காயும் பாய், கிரிக்கெட். தன் முற்றத்தை ஒவ்வொருவரும் மூடிக்கொண்டார்கள், ஏழு பேருக்குப் பொதுவானதை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. ஒருத்தர் கை வைத்தால் மீதி ஆறு பேர் விடமாட்டார்கள். இதைத் திட்டமிட்டுச் செய்தாரா, தானாக அமைந்ததா, எப்படியிருந்தாலும் கொரியாவின் கட்டடங்களில் எனக்கு இதுதான் முதல் இடம். மியூசியமெல்லாம் அப்புறம்தான்.

சென்னையில் நிலைமை என்ன? அரை கிரவுண்டு மனையில் பத்துக்குப் பத்து முற்றம் விட்டால் நூறு சதுர அடி. சதுர அடி பத்தாயிரம் என்று வைத்தாலே, மாடி ஒன்றுக்குப் பத்து லட்சம் ரூபாயை வானத்துக்கு எழுதிவைக்க வேண்டும். யாரும் எழுத மாட்டார்கள், நானும்தான். முற்றம் இப்போது முட்டுக்காட்டில் இருக்கிறது. தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். நன்றாகவே பாதுகாக்கிறார்கள். அதை விட்டால் வில்லா விளம்பரங்களில் இருக்கிறது. கண்ணாடி மூடிய ஸ்கைலைட், அடியில் வெள்ளைக் கூழாங்கல், நடுவில் ஒரு புத்தர் தலை. காற்றுப் போக வழி கிடையாது. அது முற்றமில்லை, முற்றத்தின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஆனால் அபார்ட்மெண்டில் நாற்பது குடும்பத்துக்கு நடுவே கார் நிறுத்துகிற இடத்தில் பாதியையாவது பேலாப்பூர் மாதிரி விடலாமே என்று எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டேன். செகரட்டரி என்னைக் கருணையோடு பார்த்துவிட்டு அடுத்த அஜெண்டாவுக்குப் போய்விட்டார்.

அத்தை வீட்டு விஷயத்தில் ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் கொரியா ஒரு குழாய் வீடு கட்டினார். மூன்றரை மீட்டர் சொச்சம் அகலம்தான். சரிவான கூரையின் உச்சியில் ஒரு திறப்பு, சூடு ஏறி அதன் வழியாக வெளியேறிவிடும். "அதே மாதிரி ஷீட்டை ஓரடி தூக்கிப் பொருத்து. நாலு பக்கமும் இடைவெளி விட்டுக் கொசு வலை அடி. அனல் போயிடும், மழையும் கண்ணுக்குத் தெரியும்" என்றேன்.

அத்தை விசிறியை நிறுத்தினாள்.

"அந்தச் சந்துல குரங்கு வலையைக் கிழிச்சுக்கிட்டு வருமே?" என்றான் மகன்.

நிமிர்ந்து பார்த்தேன். தாத்தா காலத்துக் குரங்குக் கம்பி, ஷீட்டுக்குக் கீழே துருப்பிடிக்காமல் அப்படியே இருந்தது.