பயிற்சிக்கு அடுத்த திங்கட்கிழமை

“மருந்து அடிக்காதீங்க” என்று விவசாயியிடம் சொல்வதைவிடக் கடினமான வேலை வேளாண் விரிவாக்கத்தில் வேறு இல்லை. அடிக்கச் சொல்வது சுலபம். மருந்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். மீதியைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார், கடனும் கொடுப்பார். அடிக்க வேண்டாம் என்பவரிடம் கொடுப்பதற்குச் சீட்டுகூட இருக்காது.

2008-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டபோது இந்த வேலையின் கனம் தெரிந்தது. பூச்சி பப்பாளியோடு நிற்காமல் மல்பெரிக்கும் மரவள்ளிக்கும் பருத்திக்கும் தாவியது. உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. அடிக்க அடிக்க அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகள்தான் செத்தன. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டன. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே நம் மண்ணில் நன்றாகக் காலூன்றியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டார்கள். இதை அறிவியலின் வெற்றிக் கதையாக எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் குளவியை விட்ட பிறகு ஒரே ஒருவர் மருந்து அடித்தாலும் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பரவ வேண்டிய குளவியும் போய்விடும். ஊரே சேர்ந்து சும்மா இருக்க வேண்டும். ஊரைச் சும்மா இருக்கவைப்பது குளவியின் வேலை அல்ல.

“ஏனுங்க மேடம், பக்கத்துத் தோட்டத்துக்காரன் அடிக்கறான், நா மட்டும் பாத்துட்டு உக்காந்திருக்கறதுங்களா?” இப்படிக் கேட்கிறவருக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் நிலையத்தின் தலைவராக இருக்கமாட்டார். வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆன வல்லுநராகவோ திட்ட உதவியாளராகவோ இருப்பார். அந்தப் பதிலில் பூச்சியியல் பாதிதான். மீதியை, வேறு நல்ல சொல் கிடைக்காததால், தலைமைப் பண்பு என்கிறோம்.

பதவியில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல தலைமை, ஒவ்வொரு பணியாளரும் தன் அன்றாட வேலையில் காட்ட வேண்டியது அது என்ற எண்ணத்தை வைத்துப் பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளர்களுக்குப் பயிலரங்குகள் நடக்கின்றன. அமெரிக்காவில் இது பழைய வழக்கம், இங்கும் வேரூன்றிவருகிறது. இந்தப் பயிலரங்குகளைக் கேலி செய்வது எளிது. குழுவாகச் சேர்ந்து காகிதக் கோபுரம் கட்டுவது, ஆளுமைச் சோதனையில் நீங்கள் எந்த வகை என்று கண்டுபிடிப்பது, கடைசியில் சான்றிதழும் குழுப் புகைப்படமும். ஆனால் கேலிக்கு அப்பால், இதன் அடிப்படை எண்ணம் வேறெந்தத் துறையையும்விட விரிவாக்கத் துறைக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுக்க எழுநூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஒரு நிலையத்துக்கு ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் 16: தலைவர், 6 வல்லுநர்கள், பண்ணை மேலாளரையும் சேர்த்து 3 திட்ட உதவியாளர்கள், மற்றவர்கள் அலுவலகப் பணியாளர்கள், ஓட்டுநர்கள், உதவியாளர்கள். ஒரு மாவட்டத்துக்கே இவ்வளவுதான். மானியம் வழங்குவது மாநில வேளாண்மைத் துறை. உரமும் மருந்தும் கடைக்காரரிடம். பயிர்க்கடன் கூட்டுறவுச் சங்கத்தில். இவர்களிடம் இருப்பது செயல்விளக்கத் திடல் ஒன்றும் வாய்ப்பேச்சும்தான். விவசாயிக்கோ துறையின் உதவி வேளாண்மை அலுவலருக்கோ உத்தரவிடும் அதிகாரம் எதுவும் கிடையாது. அதிகாரமே இல்லாமல் அடுத்தவரை ஒரு காரியத்துக்கு இணங்கவைப்பதுதான் இவர்களின் முழுநேர வேலை. அப்படிப்பட்டவர்களுக்குத் தலைமைப் பண்பை உபரிப் பாடமாக நினைக்க முடியாது.

இரண்டாவது நியாயம், இந்த எண்ணம் நம் அலுவலக மரபோடு மோதுகிறது. இங்கே தலைமைப் பயிற்சி என்றால் தலைவராகப் போகிறவருக்குத்தான். ஹைதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் ஆராய்ச்சி மேலாண்மை நிறுவனம் உயர்பதவிகளை ஏற்கவிருக்கும் விஞ்ஞானிகளுக்குத் தலைமைப் பயிற்சி நடத்துகிறது, அது அவசியமும்கூட. ஆனால் அந்த மரபிலேயே ஊறிப்போனதால், தலைமை என்பது பதவி உயர்வோடு சேர்ந்து வரும் ஒன்று என்ற நினைப்பு படிந்துவிட்டது. திட்ட உதவியாளரிடம் “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்கும் ஒரு வகுப்பு, அந்தக் கேள்விக்காகவே வரவேற்கத்தக்கது. ஒரு கிராமத்தில் எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் ஆகாது, யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்பதெல்லாம் நிலையத்தின் ஓட்டுநருக்குத் தெரிந்த அளவுக்குப் பல சமயம் விஞ்ஞானிக்குத் தெரியாது.

மூன்றாவது, இதில் கற்பிக்கக்கூடிய திறமைகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஊர்க்கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். காலை பதினோரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் வைத்தால் வருகிறவர்கள் யார்? வழக்கமாக எல்லாக் கூட்டத்துக்கும் வரும் பத்துப் பேர். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவர்கள். பின்னால் பாயில் பெண்கள். ஒலிவாங்கி ஆண்கள் பக்கமே சுற்றிவரும். மாடு வளர்ப்பு பற்றிய கூட்டமாக இருந்தால் இதைவிட அபத்தம் வேண்டாம், மாட்டைப் பார்ப்பவர்கள் பாயில் இருப்பவர்கள்தான். சாயங்காலம் பால் ஊற்ற வரும் நேரத்துக்குச் சொசைட்டி வாசலுக்கே கூட்டத்தை மாற்றுவது, பேச்சை முதலில் பெண்களிடம் தொடங்குவது, நாம் சொல்ல வந்ததைச் சொல்லும் முன் நாலு கேள்வி கேட்பது — இவை பிறவிக் குணங்கள் அல்ல. சொல்லிக்கொடுத்தால் வரும், நல்ல பயிற்றுநர் இரண்டே நாளில் சொல்லிக்கொடுக்கவும் முடியும்.

சிக்கல் பயிற்சி முடிந்த அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது.

கற்றவர் அலுவலகம் வருகிறார். கூட்டத்தை மாலைக்கு மாற்ற வண்டி வேண்டும். வண்டிக்கு முன்கூட்டிய பயணத் திட்டத்தில் ஒப்புதல் வேண்டும்; ஒப்புதல் வந்தால் டீசல் கணக்கு; அதுவும் சரியானால், மாலை ஆறு மணிக்கு மேல் பணியாளர் வெளியே இருந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி. இதற்கிடையே இந்தக் காலாண்டில் எத்தனை பயிற்சி, எத்தனை பயனாளிகள், அதில் பெண்கள் எத்தனை, பட்டியலினத்தவர் எத்தனை என்று இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய படிவம் வந்து நிற்கிறது. நிதி தருவது இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம், நிர்வாகம் பல்கலைக்கழகம். ஆகவே ஒரே விவரம் இரண்டு வடிவத்தில் போக வேண்டும். பதினோரு மணிக் கூட்டத்திலேயே எண்ணிக்கை கிடைத்துவிடுகிறது. கையெழுத்துத் தாளில் நாற்பது பெயர், ஒரு புகைப்படம். மாலைக் கூட்டத்துக்கு அலைவதால் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கூடுதலாக நிரம்பப்போவதில்லை.

தலைமையைத் தனிமனிதப் பண்பாகப் பார்ப்பதுதான் இந்தப் பயிலரங்குகளின் பெரிய குறை என்று நினைக்கிறேன். பணியாளரிடம் தயக்கம் இருக்கிறது, அதைப் போக்கிவிட்டால் போதும் என்பது அவற்றின் கணக்கு. ஆனால் பல இடங்களில் தயக்கம் குறைபாடே அல்ல, அனுபவத்தில் பிறந்த புத்திசாலித்தனம். கேட்காமல் செய்து பேச்சு வாங்கியவர் அடுத்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்வார். அவரைக் காகிதக் கோபுரம் கட்டவைத்து மாற்ற முடியாது.

பயிற்சி பலித்ததா என்று பார்ப்பதற்கு டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நாலு படிகள் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் கிடைத்ததா. நம் கருத்துக் கேட்புப் படிவங்கள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. விரிவுரை, தங்குமிடம், உணவு எல்லாம் ‘மிக நன்று’. ஆறு மாதம் கழித்து அந்த ஊர்க்கூட்டம் எத்தனை மணிக்கு நடக்கிறது என்று போய்ப் பார்க்க ஆளில்லை.

தோல்வியைப் பேச முடியாத சூழல் இதைவிட ஆழமான கோளாறு. ஏமி எட்மண்ட்சன் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராயப் போனார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, அங்கேதான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தது வியப்பாக இருந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள் என்று பிறகு புரிந்துகொண்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் நிலையங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுங்கள். செயல்விளக்கத் திடலில் விளைச்சல் கூடியது, வருமானம் கூடியது, வரவு செலவு விகிதம் உயர்ந்தது. தோற்ற திடலைப் பற்றிய பத்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் மாவட்டங்களில் எல்லாத் திடலும் எல்லா வருடமும் ஜெயிக்கிறது என்றால் வருண பகவானே நிலையத்தில் வேலை பார்க்கிறார் என்றுதான் அர்த்தம். புது ரகம் இந்த மண்ணுக்கு ஒத்துவரவில்லை என்று முதலில் காண்பவர் திடலைப் போட்ட பணியாளர். அதை அவர் வாய்விட்டுச் சொல்வதைவிடப் பெரிய அன்றாடத் தலைமை ஏது? அதற்கு அறிக்கையில் இடமில்லை.

இதன் இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. ‘எல்லோரும் தலைவர்களே’ என்ற முழக்கம் சுமையைக் கீழே இறக்கிவிட வசதியாகிவிடும். தற்காலிகப் பணியாளரிடம் ஒப்பந்தத்தில் இல்லாத வேலையைக் கொடுத்துவிட்டு, பொறுப்பேற்கும் மனப்பான்மை வேண்டாமா என்று கேட்கலாம். மறுக்க முடியாதவர்கள் மேல்தான் இது முதலில் விழும். பொறுப்புக்கு ஏற்ற அதிகாரத்தையும் ஊதியத்தையும் பற்றிப் பேசாத தலைமை வகுப்பைப் பணியாளர்கள் சந்தேகத்தோடு பார்த்தால் அது அவர்களின் அறிவுக் கூர்மைக்கே சான்று.

அமெரிக்க முன்மாதிரியை இங்கே கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே 1914-ன் ஸ்மித்-லீவர் சட்டம் விரிவாக்கப் பணியைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தபோது, மத்திய அரசு, மாநிலம், கவுண்டி என்று செலவு பங்கிடப்பட்டது. கவுண்டி முகவர் அந்த ஊரிலேயே குடியிருப்பவர். ஊர் நிர்வாகம் தன் பங்கைக் கொடுக்க மறுத்தால் அவர் பணியிடமே ஆட்டம் காணும். ஊரார் மத்தியில் பேர் வாங்குவது அவருக்குப் பிழைப்பு. நம் நிலையத்துக்குப் பணம் முழுவதும் டெல்லியிலிருந்து வருகிறது. அதில் நன்மை இல்லாமல் இல்லை, உள்ளூர் அரசியல்வாதியிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் நிலையம் நன்றாக நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஊருக்கு அதில் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. அங்கே ஊருக்குக் கணக்குக் கொடுக்கும் கட்டாயத்தில் விளைந்த பழக்கங்களை இங்கே பாடத்திட்டமாக்கி வகுப்பறையில் ஊட்ட முயல்கிறோம்.

ஆளுக்கு ஆள் சுயமாக முடிவெடுக்கவிட்டால் எல்லாம் சரியாகும் என்றும் நான் சொல்லமாட்டேன். 1970-களில் டேனியல் பெனோர் உலக வங்கி மூலம் பரப்பிய ‘பயிற்சி மற்றும் பார்வையிடல்’ முறை 1980-களில் தமிழ்நாட்டிலும் நடந்தது. மேலிருந்து வரும் செய்தியை, குறித்த நாளில், குறித்த விவசாயியிடம் கொண்டுசேர்ப்பது மட்டுமே களப் பணியாளரின் வேலை. அவர் யோசிக்கக்கூடத் தேவையில்லை என்று அதைத் திட்டுவார்கள். திட்டியதில் நியாயம் உண்டு. ஆனால் இன்ன கிழமை அலுவலர் வருவார் என்று விவசாயிக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்த நிச்சயம் இல்லை. தலைமைப் பண்பு பற்றிய பேச்சு பெருகும் அளவுக்குக் கிராமப் பயணம் குறையுமானால் நான் பழைய கிழமைக் கணக்குக்கே ஓட்டுப் போடுவேன்.

இந்தத் திறமைகளை வயலிலேயே கற்பித்த முயற்சி ஒன்று உண்டு. 1989-ல் இந்தோனேசியாவில், நெற்பயிரில் புகையான் பூச்சியின் அழிவுக்குப் பிறகு, உழவர் வயல்வெளிப் பள்ளி பிறந்தது. அதை நடத்தப்போகும் பணியாளர்களுக்கு மண்டபத்தில் மூன்று நாள் வகுப்பு எடுத்து அனுப்பிவிடவில்லை. ஒரு முழுப் பருவம் அவர்களே நெல் நட்டு, பூச்சிகளை எண்ணி, அடிப்பதா வேண்டாமா என்று தங்களுக்குள் வாதாடி முடிவெடுத்து, அறுவடைவரை விளைவைப் பார்க்க வேண்டியிருந்தது. முடிவு தப்பானால் பயிரே காட்டிக்கொடுக்கும். இதற்கும் விலை உண்டு: செலவு அதிகம், பள்ளிக்கு வந்தவரிடமிருந்து பக்கத்து வயல்காரருக்கு அறிவு அவ்வளவாகப் பரவவில்லை என்று 2004-ல் உலக வங்கி ஆய்வாளர்கள் எழுதினார்கள். எல்லா நிலையத்துக்கும் இது கட்டுபடியாகாது. இருந்தாலும் வருடத்துக்கு ஒரு பயிலரங்குக்கு ஆகும் செலவை ஒரு பருவத்துத் திடலுக்குத் திருப்பினால், ஆறு வல்லுநர்களும் உதவியாளர்களும் ஒன்றாக நின்று முடிவெடுக்கும் ஒரு வயலாவது கிடைக்கும்.

அதற்கு முன்னால் செய்யக்கூடியவை சில உண்டு. பயிற்சிக்கு நிலையத் தலைவரும் தன் பணியாளர்களோடு சேர்ந்து வர வேண்டும். அவர் கற்க வேண்டியது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருக்கும் கலைதான். மாதத்தில் சில நாள் பயணத்தைப் பணியாளரே முடிவு செய்யவும், சிறு தொகையை ஒப்புதலுக்குக் காத்திராமல் செலவழிக்கவும் இடம் வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் விவசாயிகள், துறை அலுவலர்கள், வங்கியாளர்கள் அமரும் அறிவியல் ஆலோசனைக் குழு கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் திடலைப் போட்டவரே எழுந்து, தோற்றுப்போன திடலையும் சேர்த்து, தன் வாயால் விளக்கட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும். இதற்குப் புது நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை.