உள்ளும் புறமும்: பொன்ஹோபரின் திருச்சபைச் சிந்தனை

1933 ஏப்ரலில் ஜேர்மனியில் இயற்றப்பட்ட சட்டமொன்று 'ஆரியர்' அல்லாதோரை அரச பதவிகளினின்றும் நீக்கியது. அவ்விதியைத் திருச்சபையினுள்ளும் புகுத்தி, யூத வழிவந்த போதகரை விலக்க முனைந்தோர் பலர். இச்சூழலிலேயே இளம் போதகரான டீற்றிச் பொன்ஹோபர், திருச்சபையும் யூதர் பிரச்சினையும் பற்றிய தமது கட்டுரையை எழுதினார்.

திருமுழுக்குப் பெற்ற ஒருவரை இனங் காரணமாக விலக்கும் சபை திருச்சபையாக இராது என்பது அவர் வாதம். அரசினால் நசுக்கப்படுவோர் கிறிஸ்தவரல்லராயினும் அவர்க்கு உதவுதல் சபையின் கடன் என்றும் அவர் வற்புறுத்தினார். ஆயின், யூதரைச் சாபத்துக்கு உள்ளானோராகக் கொள்ளும் பழைய இறையியற் கருத்தும் அக்கட்டுரையிலேயே இடம்பெற்றுள்ளது. இம்முரணை மறைத்து அவரைப் போற்றுதல் விமரிசனமாகாது.

ஃபிங்கன்வால்டேயில் அவர் நடத்திய போதகர் பயிற்சிக் கல்லூரி 1937இல் இரகசியப் பொலிசாரால் மூடப்பட்டது. அங்குப் பெற்ற அனுபவத்தின் வழி எழுந்த கூட்டுவாழ்வு பற்றிய நூல் 1939இல் வெளிவந்தது. மெலியோரை ஒதுக்குமிடத்து ஒதுக்கப்படுபவர் கிறிஸ்துவாகவே இருத்தல் கூடும் என்னும் கருத்து அதிற் காணப்படுகின்றது. முன்னைய கட்டுரையில் உறுப்புரிமையின் வரம்பாகத் திருமுழுக்கு நின்றது. இங்கோ மெலியோர்க்குக் கிடைக்கும் இடமே சபையை அளக்கும் கோலாகின்றது. ஆயினும் இந்நூலின் பொருளும் கிறிஸ்தவரின் கூட்டுவாழ்வே. அதனாற் புறத்தே நின்றோர் பற்றிய வினா எஞ்சியே நிற்கின்றது.

ஹிட்லரை எதிர்த்தமைக்காக 1945 ஏப்ரல் 9ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். அம்மரணம் அவரது எழுத்தை விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதாக்கிவிடாது. தன் சபையை நோக்கி அவர் எழுப்பிய வினாவை அவரை நோக்கியும் எழுப்புதலே அவ்வெழுத்துக்குச் செய்யும் நியாயமாகும்.