கும்பினி ஏட்டில் நம் முன்னோர்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அமைந்தது பரங்கிப்பேட்டை. மஹ்மூதுபந்தர் என நம் முன்னோர் வழங்கிய துறைமுகம் அது. அங்கிருந்து மரக்காயர்களின் கப்பல்கள் மலாக்காவுக்கும் கெடாவுக்கும் அச்சேக்கும் பாய் விரித்துச் சென்ற காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தை அறிய விழைவோர் நாட வேண்டிய நூல்களுள் ஒன்று, சோழமண்டலக் கரையின் வணிகரையும் கும்பினிகளையும் பற்றிப் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் எழுதி, 1986இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஆய்வு நூலாகும். 1650 முதல் 1740 வரையிலான காலம் அதன் எல்லை.

இந்நூலின் அருமையை உணர, முன்னிருந்த போக்கை நினைவுகூர்தல் வேண்டும். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய சி. எஸ். சீனிவாசாச்சாரி, 1943இல் செஞ்சியின் வரலாற்றை எழுதினார். அந்நாளைய அறிஞர் பலருக்கும் அரசர், கோட்டை, முற்றுகை ஆகியவையே வரலாறு. தேவனாம்பட்டினக் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியதையும், பீரங்கிக் குண்டு சென்று விழுந்த தொலைவைக் கொண்டு தம் எல்லையை வகுத்ததையும் அவ்வரலாறு நமக்குக் கற்பித்தது. கோட்டையின் கண்ணெதிரே கடலில் சென்ற கப்பல் யாருடையது என்று அது பெரும்பாலும் கேட்கவில்லை.

அரசரத்தினம் அதைக் கேட்டார். யாழ்ப்பாணத் தமிழரான அவர் இலண்டனில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தது இலங்கையில் டச்சுக்காரரின் ஆட்சியை. அதற்காகப் பயின்ற டச்சு ஆவணங்களே பின்னர் இக்கரையின் வணிகரைக் காணும் சாளரமாயின. செட்டியாரும் கோமட்டியும் சூலியா முஸ்லிமும் கும்பினியின் ஏவலராக அன்றி, சொந்த முதலும் மதியூகமும் படைத்தவர்களாக இந்நூலில் நடமாடுகின்றனர். இதற்கு நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

எனினும் குறை ஒன்றுண்டு. சான்றுகளுள் பெரும்பகுதி கும்பினியின் எழுத்து. போட்டியாளராகவோ தரகராகவோ கடனாளியாகவோ எதிர்ப்பட்டபோதுதான் கும்பினியின் எழுத்தர் ஒரு மரக்காயரின் பெயரைக் குறித்தார். அவர் கூட்டாளியோடு செய்துகொண்ட ஒப்பந்தம், பள்ளிக்கு வக்பு செய்த நிலம், அக்கரையிலிருந்து மனைவிக்கு வரைந்த மடல் ஆகியவற்றை அந்த ஏட்டில் தேடிப் பயனில்லை. இப்பிழை ஆசிரியருடையதன்று. கிடைக்காத சான்றை எவர்தாம் படிக்க இயலும்?

ஆயின், கிடைக்காதது எழுதப்படாததாலா, காக்கப்படாததாலா? அரபுத் தமிழில் எழுதிப் பழகிய சமுதாயம் நம்முடையது. பாட்டனாரின் கணக்கேடுகளும் பத்திரங்களும் எத்தனை வீட்டுப் பரண்களில் கறையானுக்கு இரையாயின என்பதை நம் நெஞ்சே அறியும். டச்சுக்காரர் தம் காகிதத்தைப் பேணினர்; நாமோ பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போட்டோம்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு நிலையம் உள்ளது. கடலின் சிற்றுயிரும் அங்கே ஆராயப்படுகிறது. அக்கடலை ஆண்ட மனிதரை ஆராய நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் முன்வருவர்? வரலாற்றில் முதுகலை என்றால் வேறிடம் கிடைக்காதவரின் புகலிடம் எனப் பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். பாரசீகமும் டச்சும் அரபுத் தமிழும் கற்ற ஒரு மாணவர் நம்மிடையே எழும்வரை, நம் முன்னோர் அயலாரின் ஏட்டில் ஓர வரிகளாகவே நிற்பர். அரசரத்தினம் கதவைத் திறந்து வைத்தார். உள்ளே விளக்கேற்றும் பொறுப்பு நம்முடையது. முதற்படியாக, இன்றே பரணில் ஏறிப் பார்ப்போமாக.